முகத்தைப் பார்க்கிற பையன்

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு 39 வயது. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்திலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் ரசிகன். 2013-க்குப் பிறகு இந்த நிர்வாகம் என் நிம்மதியைக் குலைத்துவிட்டது. யாரை எதற்கு வாங்குகிறார்கள் என்றே தெரியவில்லை. வாங்கிய விலை, சம்பளம், ஒப்பந்தம் முடிகிற தேதி எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாகப் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. ஆட்டம் தோற்றால் இரண்டு நாள் யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை. மனைவி வேறு அறைக்குப் போய்விடுகிறார். 11 வயது மகன்தான் துணைக்கு உட்காருகிறான். பாசக்காரப் பையன். எதிரணி கோல் போட்டால் டிவியைக்கூடப் பார்க்க மாட்டான், என் முகத்தைத்தான் பார்ப்பான். போன மாதம் அவனே வேறு அணியின் ஜெர்சி கேட்டான். ‘நம்ம வீட்டில் யாருக்கும் கட்சி மாறுகிற வழக்கம் இல்லை’ என்று திட்டி அனுப்பினேன். இந்த கிளப்பை இன்னும் ஆதரிப்பதில் அர்த்தம் இருக்கிறதா? விட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்)

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிது கிடையாது. கிளப்பின் பெயரும் தோற்ற வருடமும்தான் மாறும். மிச்சமெல்லாம் அதே: நிர்வாகம் சரியில்லை, ஆளெடுப்பு சரியில்லை, தூக்கம் போச்சு, விட்டுவிடலாமா? எல்லோருமே நான்கு பக்கம் எழுதுவார்கள். மூன்றே முக்கால் பக்கம் கிளப்பைப் பற்றி இருக்கும். மீதிக் கால் பக்கத்தில், போகிற போக்கில், வீட்டைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லியிருப்பார்கள். நான் முதலில் படிப்பது அந்தக் கால் பக்கத்தைத்தான்.

ஆனாலும் உங்கள் வழக்கை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்வது எதுவும் உங்கள் காதில் ஏறாது. நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2013-இல் பயிற்சியாளர் பெர்குசன் கிளப்பின் இருபதாவது லீக் பட்டத்தோடு விடைபெற்றார். அந்தக் கோடையிலேயே கூத்து ஆரம்பித்துவிட்டது. ஃபெலைனி என்ற ஆட்டக்காரரை ஜூலை முடிவதற்குள் கேட்டிருந்தால், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி 2.35 கோடி பவுண்டுக்கு வந்திருப்பார். கெடுவைக் கோட்டைவிட்டு, கடைசி நாளன்று 2.75 கோடி கொடுத்து வாங்கினார்கள். அது வெறும் தொடக்கம். மோயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷேர், ராங்னிக், டென் ஹாக், அமோரிம் என்று பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆட்டமுறை, அதற்கென்று புது ஆட்கள். டென் ஹாக் விங்கர், அதாவது ஓரத்தில் ஓடி ஆடுகிற ஆள், கேட்டார் என்று எட்டுக் கோடி பவுண்டுக்கு மேல் கொட்டி ஆன்டனியைக் கொண்டுவந்தார்கள். அடுத்து வந்த அமோரிம் தடுப்பில் மூன்று பேரை வைத்து ஆடுகிறவர். அவருடைய முறையில் அந்த மாதிரி விங்கருக்கு இடமே கிடையாது. டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆளெடுப்பை ஒழுங்குபடுத்த என்று அழைத்து வந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் ஐந்தே மாதத்தில் போய்விட்டார். 2024-25 சீசன் முடிவில் பதினைந்தாவது இடம். சமையல்காரர் மாறும்போதெல்லாம் பாத்திரம் பண்டத்தையே மாற்றுகிற வீடு எப்படி உருப்படும்?

சரி. வழக்கு முடிந்தது, தீர்ப்பு உங்கள் பக்கம். இனி, நீங்கள் எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதிவிட்ட அந்த வரிக்கு வருகிறேன்.

“டிவியைக்கூடப் பார்க்க மாட்டான், என் முகத்தைத்தான் பார்ப்பான்.” இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

பந்து வலைக்குள் போகிறது. மைதானத்தில் பல்லாயிரம் பேர் எழுந்து கத்துகிறார்கள். கோல் போட்டவன் மூலைக்கொடியை நோக்கி ஓடுகிறான். பதினொரு வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேடிக்கை வேண்டும்? அவன் தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கிறான். உங்கள் தாடை இறுகுகிறதா, ரிமோட்டை வைக்கிறீர்களா எறிகிறீர்களா, இன்று பேசலாமா, நாளைக்காவது பேசலாமா என்று பார்க்கிறான். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை தம்பி அது. பாசமும் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நொடியில் அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்பாவை எடைபோடுகிற வேலை.

2025 மே மாதம் பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம் யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தைத் தோற்ற இரவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். 42-ஆவது நிமிடம், டாட்டன்ஹாமின் ஜான்சன் காலா, யுனைடெட்டின் லூக் ஷாவின் உடம்பா என்று ரீப்ளே போட்டுப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு அழுக்குக் கோல். ஆறு தடவை போட்டுப் பார்த்தீர்களாம். அந்த ஆறில் ஒன்றையாவது உங்கள் மகன் பார்த்திருப்பானா?

எனக்கு இந்தப் பார்வை தெரியும். என் அப்பாவுக்குக் கால்பந்து கிடையாது, சீட்டாட்டம். இரவில் அவர் சைக்கிளை நிறுத்துகிற சத்தத்தை வைத்தே ஜெயித்தாரா தோற்றாரா என்று சொல்லிவிடுவோம். ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் ஜெயம். சுவரில் சாத்திவிட்டு வந்தால் தோல்வி. நான் பாயில் புரண்டு படுத்துக்கொண்டு தங்கைக்கும் போர்வையை இழுத்து மூடிவிடுவேன். அவர் எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை. கேட்டிருந்தால் ‘நான் என்ன செய்தேன்?’ என்றுதான் சொல்லியிருப்பார். உண்மைதான், ஒன்றும் செய்யவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் வாசலில் சைக்கிள் சுவரில் உரசுகிற சத்தம் கேட்டால் என் காது தானாக நிமிர்கிறது.

கிளப்பின் முதலாளிகளான கிளேசர் குடும்பத்தைத் திட்டுவதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். 2005-இல் சுமார் 79 கோடி பவுண்டுக்கு கிளப்பை வாங்கினார்கள். அதில் பெரும்பகுதி கடன். கடனில்லாமல் இருந்த கிளப்பின் தலையிலேயே அதை ஏற்றிவிட்டார்கள். ஆசைப்பட்டு வாங்கியவன் ஒருவன், வட்டி கட்டுகிறவன் இன்னொருவன். அநியாயம் என்கிறீர்கள். அநியாயம்தான். இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

1999 மே மாதம், பார்சிலோனா. தொண்ணூறு நிமிடமும் முடிந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் பயேர்ன் மியூனிக்குக்கு எதிராக ஷெரிங்ஹாம் ஒரு கோல், சோல்ஷேர் ஒரு கோல். லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக், மூன்றும் ஒரே சீசனில். அதைப் பார்த்து மயங்கியது நீங்கள். அப்போது உங்களுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அதன்பிறகு பதினான்கு வருடம் பெர்குசன் உங்களுக்கு வாரி வாரிக் கொடுத்தார். உங்கள் மகன் பிறக்கும்போது அவர் போய்விட்டார். அந்தப் பையன் தன் வாழ்நாளில் இந்த கிளப் ஒரு லீக் பட்டம் வாங்கிப் பார்த்ததில்லை. ஆதாயம் முழுவதையும் நீங்கள் அனுபவித்துவிட்டு, வட்டி கட்ட அவனை உட்காரவைத்திருக்கிறீர்கள். கிளேசருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர்களாவது ஊரறிய, கையெழுத்துப் போட்டுச் செய்தார்கள்.

நான் பழைய ஆள். அப்பா விட்டுப்போன வீட்டுக் கடனை மகன் அடைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கூரையின் கீழ் வளர்ந்தவன்தானே அவன். பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று இதே பக்கத்தில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், பதிலுக்கு வசவும் வாங்கியிருக்கிறேன். கடமைக்கு நான் எதிரி இல்லை. அதற்காகக் கண்ட இடத்தில் அந்தச் சொல்லை ஒட்டக்கூடாது. அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது பக்கத்தில் நிற்பது கடமை. அப்பாவுக்குப் பிடித்த அணி தோற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் தொங்கப்போடுவது எந்தச் சாத்திரத்தில் வருகிறது? கட்சி மாறுகிற வழக்கம் இல்லை என்றீர்களே, அவன் எப்போது அந்தக் கட்சியில் சேர்ந்தான்? தொட்டிலில் கிடந்தவனுக்குச் சிவப்புச் சட்டை மாட்டிப் படம் எடுத்திருப்பீர்கள். அதுதானே உறுப்பினர் அட்டை?

1937 அக்டோபரிலிருந்து இன்றுவரை, தன்னுடைய இளையோர் அணியில் வளர்ந்த ஒருவராவது இல்லாமல் இந்த கிளப் எந்த ஆட்டத்துக்கும் பட்டியல் போட்டதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கிளப்பின் பெருமைகளில் எனக்கும் பிடித்தது அதுதான். அப்படிப்பட்ட கிளப்பே, தன் இளையோர் அணியிலிருந்த போக்பாவைக் கோட்டைவிட்டது. 2012-இல், ஆட இடம் கிடைக்காத சின்னப் பையனாக இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புக்குப் போனார். கிளப்புக்குக் கிடைத்தது சில்லறைக் காசு. 2016-இல் அதே ஆளைத் திரும்பக் கொண்டுவர 8.9 கோடி பவுண்ட், அன்றைக்கு அது உலக சாதனை. 2022-இல் கிளப்புக்கு ஒரு காசும் தராமல் மறுபடி கிளம்பினார். உங்கள் அட்டவணையில் அந்த வரிக்குத் தனி நிறம் அடித்திருப்பீர்கள். இன்னும் ஏழெட்டு வருடத்தில் உங்கள் மகன் படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போவான். ஆட்டம் முடிந்த இரவில் உங்களுக்குப் போன் செய்வானா? ஸ்கோரைப் பார்த்துவிட்டு, ‘இன்றைக்கு அப்பாவிடம் பேசாமல் இருப்பதே நல்லது’ என்று போனைக் கீழே வைப்பானா?

நிர்வாகத்தின் மேல் கோபம் வந்தால் என்ன செய்யலாம் என்று மான்செஸ்டர்காரர்களே காட்டியிருக்கிறார்கள். 2005-இல் கிளேசர் வந்ததும் ஒரு கூட்டம் பிரிந்து போய், எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப்பே தொடங்கியது. உறுப்பினர்களே உரிமையாளர்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு, லீக் ஏணியின் பத்தாவது படியிலிருந்து ஆட்டம். 2010-இல் மற்ற ரசிகர்கள், நியூட்டன் ஹீத் என்ற கிளப்பின் பழைய பெயரின் காலத்துப் பச்சையையும் பொன்னிறத்தையும் கழுத்தில் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். 2021 மே மாதம் கிளப்பின் சொந்த மைதானமான ஓல்ட் ட்ராஃபோர்டுக்குள்ளேயே புகுந்து, லிவர்பூலுடனான ஆட்டத்தைத் தள்ளிப்போட வைத்தார்கள். சரியா தப்பா என்பது வேறு பேச்சு. அவர்களுடைய கோபம் போக வேண்டிய விலாசத்துக்குப் போனது. நீங்கள் டிவியைப் பார்த்துக் கத்துவது அங்கே யாருக்கும் கேட்காது. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் கேட்கும்.

மனைவி வேறு அறைக்குப் போய்விடுகிறார் என்பதையும், மகன் துணைக்கு உட்காருகிறான் என்பதையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்கு ஆட்டம் பிடிக்காது, இன்னொருவனுக்குப் பிடிக்கும் என்கிற மாதிரி. அவர் பெரியவர், எழுந்து போக முடிகிறது. இவனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விட மாட்டீர்கள். விடுகிறேன் என்று எனக்கு எழுதியவர்கள் யாரும் விட்டதில்லை. ஆட்களை வாங்கி விற்கிற டிரான்ஸ்ஃபர் விண்டோ திறந்ததும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். தாராளமாக ரசிகராக இருங்கள். அட்டவணையையும் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் பைத்தியம். ஆனால் தோற்ற பிறகு இரண்டு நாள் வாயை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறீர்களே, அது இன்றோடு நிற்க வேண்டும். இதில் பேரம் கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடித் தோற்றவர்களே அடுத்த ஆட்டத்துக்குப் பயிற்சி எடுக்கப் போய்விடுகிறார்கள். உங்களுக்கு எதற்கு இரண்டு நாள் துக்கம்? துக்கம் காக்கிற வீடுகள் வேறு, தம்பி. அந்த மாதிரிக் கடிதங்களும் எனக்கு வருகின்றன.

அடுத்த ஆட்டத்துக்கு அவனைக் கூப்பிடாதீர்கள். வந்தால் உட்காரட்டும். வராவிட்டால் ஏன் என்று கேட்காதீர்கள். கோல் விழும், விழத்தான் செய்யும். அப்போது நீங்கள் திரும்பி அவனைப் பாருங்கள். அவன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பழக்கம் லேசில் போகாது. சிரிக்க வேண்டாம், சமாதானம் சொல்ல வேண்டாம். ‘யாருடா அந்த ஆளை மார்க் பண்ணாமல் விட்டது?’ என்று கேளுங்கள். முதல் தடவை அவனுக்குத் தெரிந்திருக்காது, அவன்தான் ஆட்டத்தையே பார்க்கவில்லையே. நாலைந்து ஆட்டம் போனால் சொல்வான்.

அப்புறம் அந்த ஜெர்சி. முணுமுணுக்காமல் வாங்கிக் கொடுங்கள். அவன் அதைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது பார்சிலோனா கதையை எடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான்கு பக்கத்தில் வீரர்களின் பெயர் மட்டும் முப்பத்தொன்று. எண்ணினேன். யார் எந்த கிளப்பிலிருந்து வந்தார், என்ன விலை, எல்லாம் இருக்கிறது. பையன் எந்த அணியின் ஜெர்சி கேட்டான் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. மறந்துவிட்டீர்களா, இல்லை அவன் சொல்லி முடிப்பதற்குள் திட்ட ஆரம்பித்துவிட்டீர்களா? அவனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அணியின் பெயர், அதில் அவனுக்கு யாரைப் பிடிக்கும், இரண்டும் போதும். இந்தத் தடவை நான்கு பக்கம் தேவைப்படாது.