பெர்த்திலிருந்து சிட்னி: நான்கு மணி நேரமா, ஏழு மணி நேரமா?

தம்பி, பெர்த்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, டிசம்பரில் சிட்னியில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். டிக்கெட்டில் காலை 10 மணிக்குக் கிளம்பி மாலை 5.10க்கு இறங்குவதாகவும், திரும்பும்போது 10 மணிக்கு ஏறி 12.10க்கே வந்துவிடுவதாகவும் இருக்கிறது, ஒரே தூரத்துக்கு இது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வந்த புதிதில் நானும் இதில் குழம்பியவன்தான்.

தூரம் சுமார் 3,280 கிலோமீட்டர். போக நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், வர ஐந்துக்குக் கொஞ்சம் மேல். தென் ஆஸ்திரேலியாவுக்கு மேலே உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. போகும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். மிச்சமெல்லாம் கடிகாரத்தின் வேலை. சிட்னி நம்மைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 3 மணி. பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. 2009 வாக்கெடுப்பிலும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு, பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் இறங்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டிசம்பரில் இங்கே மாலை 4 மணிக்குக் கிளம்பினால் அங்கே இரவு 11 தாண்டிவிடும். அதனால் பிற்பகல் விமானத்தை விட்டால், அடுத்தது நள்ளிரவை ஒட்டித்தான். வேலை முடிந்து சாயங்காலம் ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

அந்த ராத்திரி விமானம் விடிகாலையில் இறக்கிவிடும், ஒரு நாள் விடுப்பு மிச்சம் என்று தோன்றும். நான் ஒருமுறை அதில் போய் நேராக 9 மணி நேர்காணலுக்கு உட்கார்ந்தேன். என் உடம்புக்கு அப்போது காலை 6 மணி, தூங்கியதோ இரண்டரை மணி நேரம். வேலை கிடைக்கவில்லை, அதற்குக் காற்றைக் குறை சொல்ல முடியாது. அக்கா வீட்டுக்கென்றால் பரவாயில்லை, போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

திரும்புவதற்கு மாலை விமானமே நல்லது. சிட்னியில் 7 மணிக்கு ஏறினால் இங்கே 9 மணி வாக்கில் இறங்கிவிடலாம், மறுநாள் வேலைக்கும் தெம்பாகப் போகலாம். அப்புறம், அக்கா பழமோ தேனோ கட்டிக் கொடுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். உள்நாட்டுப் பயணம்தானே என்று நினைக்க வேண்டாம், மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அவற்றைக் கொண்டுவர விடமாட்டார்கள். எங்கள் வீட்டு அம்மா ஆசையாக வாங்கிய தேன் பாட்டில் பெர்த் நிலையத்துக் குப்பைத் தொட்டியோடு சரி.