கேலக்ஸி படமும் நாய்ஸும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: எம்31-ஐ, அதாவது ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை, 30 நொடி வீதம் 16 ஃபிரேம் எடுத்து ஸ்டாக் செய்தேன் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தேன்). சுருள் கைகள் முழுக்க மணல் தூவியது போல இருக்கிறது. இந்த நாய்ஸை (புள்ளிப் புள்ளியான இரைச்சலை) நீக்க எந்த டீநாய்ஸ் மென்பொருள் போடலாம்?

ப: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். உங்கள் கையில் இருப்பது மொத்தம் 8 நிமிட வெளிச்சம். ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதிக்கு அது போதும், வெளிக் கைகளுக்குப் பற்றாது. ஃபோட்டான்கள் மழைத்துளி மாதிரிதான், சீராக விழாது. சராசரியாக 100 விழும் இடத்தில் ஒரு முறை 90 விழும், இன்னொரு முறை 110. இது ஒளியின் இயல்பு, எவ்வளவு விலை கொடுத்து கேமரா வாங்கினாலும் போகாது. நிறையச் சேர்த்தால்தான் அமுங்கும், அதுவும் வர்க்கமூலக் கணக்கில்: 16 ஃபிரேமுக்கு 4 மடங்கு சுத்தம், 64-க்கு 8 மடங்கு. இன்னும் இரண்டு மூன்று இரவு எடுத்துச் சேருங்கள்.

கே: ஐஎஸ்ஓ குறைத்தால் நாய்ஸ் குறையுமா?

ப: குறையாது. சென்சாரில் விழும் வெளிச்சம் அதே அளவுதானே. பல கேமராக்களில் ஐஎஸ்ஓவை மிகவும் இறக்கினால் ரீட் நாய்ஸ் (சென்சாரைப் படிக்கும்போது கேமராவே சேர்க்கும் இரைச்சல்) கூடத்தான் செய்யும்.

கே: மறுநாள் பகலில் டார்க் ஃபிரேம் (மூடியைப் போட்டு எடுக்கும் ஃபிரேம்) எடுத்துக் கழித்தேன். படம் முன்பைவிட மோசமாகிவிட்டது.

ப: வெப்பநிலை மாறியிருக்கும். சென்சார் சுமார் 6 டிகிரி செல்சியஸ் சூடேறினாலே டார்க் கரண்ட் (வெளிச்சமே இல்லாமல் வெப்பத்தால் சென்சாரில் சேரும் சிக்னல்) ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். குளிரூட்டி இல்லாத கேமரா என்றால் அன்றிரவே, அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓவில், மூடியைப் போட்டு 20 ஃபிரேமாவது எடுங்கள். முடியாதா, டார்க்கை விட்டுவிட்டு டிதர் செய்யுங்கள் (எப்படி என்று அடுத்த பதிலில்).

கே: பின்புலத்தில் சாய்வாகத் தூறல் விழுவது போலக் கோடுகள்.

ப: வாக்கிங் நாய்ஸ். டிராக்கிங் மெல்ல நகர, ஹாட் பிக்சல்கள் (எப்போதும் பளிச்சென்று தெரியும் பிக்சல்கள்) ஸ்டாக்கில் கோடாக இழுபடுகின்றன. மறுபடியும் டிதர்தான்: சில ஃபிரேமுக்கு ஒருமுறை தொலைநோக்கியைச் சில பிக்சல் தாறுமாறாக நகர்த்துங்கள், சிக்மா கிளிப்பிங் (மற்ற ஃபிரேம்களோடு ஒட்டாத மதிப்புகளை ஸ்டாக்கில் ஒதுக்கும் முறை) மிச்சத்தைத் துடைத்துவிடும்.

கே: டீநாய்ஸுக்கு எது நல்லது, சார்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: நிலாவை எடுக்கும்போது வரும் நாய்ஸ்?

ப: அதற்கு வீடியோ எடுத்துச் சிறந்த ஃபிரேம்களைப் பொறுக்கும் முறை வேறு. அதில் கை தேர்ந்தவர்களைக் கேளுங்கள்.

கே: ஒளிமாசு ஃபில்டர் வாங்கலாமா?

ப: சில நிறங்களில் மட்டும் ஒளிரும் நெபுலாவுக்கு (வாயு மேகத்துக்கு) வாங்குங்கள். கேலக்ஸியின் வெளிச்சம் பெரும்பாலும் விண்மீன் வெளிச்சம், எல்லா நிறத்திலும் பரவியது. ஃபில்டர் வானத்தோடு அதையும் வெட்டும். இருண்ட இடத்துக்குப் போவதுதான் வழி: வானம் 3 மேக்னிட்யூட் (வானியல் வெளிச்ச அளவு), அதாவது சுமார் 16 மடங்கு, இருண்டிருந்தால், மங்கலான பகுதிகளுக்கு 16 மணி நேரத்தில் கிடைப்பது 1 மணி நேரத்தில் கிடைக்கும்.

கே: 1 நிமிட ஃபிரேம் போதும் என்று போன முறை சொன்னீர்கள். நான் வருடக்கணக்காக 10 நிமிடம் எடுக்கிறேன், வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. உங்கள் கருத்து தவறு, அண்ணா.

ப: கணக்காகவே பார்ப்போம். பிக்சலுக்கு நொடிக்கு 1 எலக்ட்ரான் வான வெளிச்சம், ரீட் நாய்ஸ் 2 எலக்ட்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 நிமிடத்தில் வானத்தின் பங்கு 60, ரீட் நாய்ஸின் பங்கு 2-இன் வர்க்கம், அதாவது 4. 60 இருந்த இடத்தில் 64, மூலம் எடுத்தால் நாய்ஸ் 3 சதவீதம்தான் கூடுகிறது. அந்த 3 சதவீதத்துக்காக 10 நிமிடம் திறந்து வைத்தால், காற்றடித்தாலோ செயற்கைக்கோள் போனாலோ மொத்த 10 நிமிடமும் பாழ்.

கே: என்னுடையது பழைய சிசிடி வகை சென்சார். ரீட் நாய்ஸ் 8.

ப: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 8-இன் வர்க்கம் 64. 60 இருந்த இடத்தில் 124, நாய்ஸ் 44 சதவீதம் கூடுகிறது. உங்களுக்கு 10 நிமிடம் முற்றிலும் சரி, அதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் புதிய சீமாஸ் வகை சென்சார் வைத்திருப்பவருக்கு அதே அறிவுரையைச் சொல்லாதீர்கள்.

கே: அப்போ என் கேமராவின் ரீட் நாய்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு பயஸ் ஃபிரேம் (மூடியைப் போட்டு, மிகக் குறுகிய எக்ஸ்போஷரில் எடுப்பது) எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். மிஞ்சியதன் திட்ட விலக்கத்தை 1.414-ஆல் வகுத்து, உங்கள் கேமராவின் பிக்சல் மதிப்பில் ஒரு அலகுக்கு எத்தனை எலக்ட்ரானோ அதால் பெருக்குங்கள். எண் வந்ததும் எழுதுங்கள், எத்தனை நொடி என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.