வரையறையை மட்டும் வைத்துக் கடவுள் இருக்கிறார் என்று நிரூபிக்க முடியுமா? என்ன மறுப்புகள் உண்டு?

முடியாது என்பதுதான் என் பதில். ஆனால் இந்த வாதத்தில் ஏதோ கோளாறு என்பது உடனே தெரிந்துவிடும், எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டத்தான் கஷ்டம். தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலே 1894இல் புகையிலை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், அட, இந்த வாதம் சரிதானே என்று டப்பாவை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்திருக்கிறார். அப்புறம் மனம் மாறிவிட்டார்.

வாதம் 11ஆம் நூற்றாண்டுத் துறவி ஆன்செல்முடையது. கடவுள் என்றால் அதைவிடப் பெரிதாக எதையும் எண்ணவே முடியாத ஒன்று. மறுப்பவனுக்கும் இது புரிகிறது, ஆக அவன் மனதிலாவது அது இருக்கிறது. மனதில் மட்டும் இருப்பதைவிட நிஜத்திலும் இருப்பது பெரிது. எனவே அது மனதோடு நின்றுவிட்டால் அதைவிடப் பெரிதை எண்ணிவிடலாம், முரண். ஆகவே நிஜத்திலும் இருந்தாக வேண்டும்.

முதல் அடி கொடுத்தவரும் ஒரு துறவிதான், கானிலோ. இதே வழியில் எல்லாவற்றையும் மிஞ்சிய தீவு ஒன்று கடலில் எங்கோ இருக்கிறது என்றும் நிரூபித்துவிடலாமே என்றார். நல்ல கேள்வி, ஆனால் புகை வருகிறது என்று சொல்கிறதே தவிர எங்கே எரிகிறது என்று சொல்வதில்லை.

1781இல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் சொன்னதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: இருப்பு என்பது ஒரு பண்பே அல்ல, நிஜமான 100 தாலர் நாணயங்களில் கற்பனையான 100ஐவிட ஒரு காசுகூட அதிகம் கிடையாது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, ஏனென்றால் வெறும் இருப்பு பண்பு இல்லையென்றாலும் 'இல்லாமல் போகவே முடியாமை' ஒரு பண்புதானே என்று எதிராளி அடுத்த கதவைத் திறந்துவிடுவார்.

சரி, இருப்பும் பண்புதான் என்றே வைத்துக்கொள்வோம். நெற்றியில் ஒற்றைக் கொம்பு, கூடவே நிஜத்தில் இருப்பது, இரண்டும் உள்ள குதிரைக்கு 'நிஜக்கொம்பன்' என்று பெயர் வைக்கிறேன். இல்லாத நிஜக்கொம்பன் என்பது முரண், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் குதிரை ஒன்று வந்து நின்றுவிடுமா? நான் செய்ததெல்லாம் அந்தப் பெயருக்கான தகுதியைக் கூட்டியதுதான். எது ஒன்று நிஜக்கொம்பனாக இருந்தாலும் அது நிஜத்தில் இருக்கும், அவ்வளவுதான், அந்த 'இருந்தால்' போகவே போகாது. வேலைக்கான தகுதியை எவ்வளவு கறாராக எழுதினாலும் விண்ணப்பிக்க ஆள் பிறந்துவிட மாட்டான். இதே மாதிரி வாதத்தை மறுபடி எடுத்த பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டிடம் 1641இல் கதெருஸ் என்ற பாதிரியார், 'இருக்கின்ற சிங்கம்' என்று வைத்து எழுப்பிய ஆட்சேபமும் ஏறக்குறைய இதுவே.

(மறுத்தால் நாத்திகர் ஆகிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸும் இதை ஏற்கவில்லை, உலகத்தைப் பார்த்துத் தொடங்கும் வேறு ஐந்து வழிகளைத்தான் நம்பினார்.)

இப்போதைய வடிவம் அமெரிக்கத் தத்துவவாதி பிளான்டிங்கா 1974இல் தந்தது: இல்லாமல் போகவே முடியாத கடவுள் ஒருவர் இருப்பது சாத்தியம் என்று மட்டும் ஒப்புக்கொண்டால் போதும், அவர் கட்டாயம் இருக்கிறார் என்று வந்துவிடும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் அவர் இல்லாமல் இருப்பதும் சாத்தியம் என்று தொடங்கினால் அதே தர்க்கம் அவர் இருக்கவே முடியாது என்று முடிக்கும். எதில் தொடங்குவது என்று வரையறை சொல்லாது, பிளான்டிங்காவே இதை நிரூபணம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அந்த முதல் வரியை நம்புவது அறிவுக்கு முரணானது அல்ல என்பதோடு நிறுத்திக்கொண்டார்.