நினைவு ஆல்பம்: தாளில் ஒட்டுவதா, கணினியில் செய்வதா?

பிள்ளையின் முதல் வருட ஆல்பத்தைத் திருகோணமலையில் எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். படங்களுக்குக் கணினிதான் என்பேன். கடற்காற்றின் ஈரமும் மாரி மழையும் தாளைச் சும்மா விடாது. பசைப்பக்க ஆல்பம் என்றால் இன்னும் மோசம். நாளாக நாளாகப் பசை மஞ்சளாகி, படத்தை உரித்தெடுக்கவே முடியாது. 2004 சுனாமியோடு படமெல்லாம் போன வீடுகள் இங்கே எத்தனை! கோப்பென்றால் ஒரு பிரதி வெளியூரிலும் கிடக்கும். 12 அங்குலச் சதுரப் பக்கத்தை நீளம், அகலம் இரண்டும் 3600 பிக்சலாக (அங்குலத்துக்கு 300 புள்ளி) அமையுங்கள். மிகவும் குறைந்தால் அச்சில் மங்கும்.

ஆனால் ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டி, கோணேசர் கோயில் அருச்சனைச் சீட்டு, அம்மம்மா எழுதிய தாலாட்டு, இவற்றை ஸ்கேன் பண்ணி என்ன பிரயோசனம்? தொட்டுப் பார்க்க வேண்டாமா? அவற்றுக்கு அமிலமற்ற (எளிதில் மஞ்சளாகாத) தாளில் சின்ன ஆல்பம் ஒன்று போதும். கடைப் பில்லை மட்டும் உடனே படமெடுத்து வையுங்கள். சூட்டால் எழுத்து பதியும் வெப்பத்தாள் அது, எழுத்து நிற்காது.