ஏணியைப் பிடித்துக்கொண்டது யார்?

கேள்வி: எனக்கு 43 வயது. பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். மயிலாடுதுறைக்கு அருகே கிராமத்தில் எங்களுக்கு நூறாண்டு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. அதை செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகில் மூன்று ஆண்டுகளாக அப்படியே கட்டி வருகிறேன். திண்ணை, நடை, முற்றம், கூடம் எல்லாம் முடிந்துவிட்டன. தூண்களின் போதிகை அளவு மட்டும் சரியாகக் கிடைக்காமல் இருந்தது. ஊரில் தனியாக இருக்கும் 71 வயது அம்மாவிடம் கேட்டேன், மறுநாளே ஏணியில் ஏறி அளந்து, நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பிவிட்டார். வடக்குத் தாழ்வாரத்தில் ஓடுகள் சரிந்திருப்பதால் அந்தப் பகுதியைப் பழைய புகைப்படத்தைப் பார்த்துச் செய்தேன். பல நாட்டவர் வந்து பார்த்துப் பாராட்டுகிறார்கள். இப்போதுள்ள சிறு மனையை விட்டு, ரீஜன் என்று அங்கே சொல்லும் பெரிய நிலப்பகுதி ஒன்றை முழுதாக எடுக்கலாமா? நான் கட்டியது சட்டப்படி எனக்குச் சொந்தமா? தூண்களையும் கதவுகளையும் அங்கே விற்றால் பணம் இந்தியாவுக்கு வருமா? அந்த நிறுவனம் மூடப்பட்டால் என் உழைப்பு என்ன ஆகும்? அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. எனவே உங்களிடம் கேட்கிறேன்.

பதில்: உங்கள் நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒரு விடை சொல்ல வேண்டும். உங்கள் அம்மா ஏணியில் ஏறியபோது கீழே நின்று அதைப் பிடித்துக்கொண்டது யார்?

தனியாக இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போதிகை என்பது தூணின் தலையில், உத்திரத்துக்கு அடியில் இருப்பது; தரையிலிருந்து ஏழு எட்டு அடி உயரமாவது இருக்கும். அதன் நீளத்தை அளப்பவர் ஒரு கையில் டேப்பின் நுனியையும் மறு கையில் அதன் சுருளையும் பிடித்தாக வேண்டும். ஏணியைப் பற்றிக்கொள்ளக் கை மிச்சமில்லை. அதுவும் முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண் என்றால், ஒரு பக்கம் தாழ்வாரத் தளம், மறு பக்கம் பள்ளமும் கருங்கல்லும். அந்த இடத்தில் 71 வயதுப் பெண் ஒருவர் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் பிறகு பழையபடி எழுந்து நடப்பதில்லை என்பதை எந்த மருத்துவரும் உங்களுக்குச் சொல்வார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அன்று யாராவது இருந்தார்களா என்று நீங்கள் விசாரித்ததாகக்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. அளவு வந்து சேர்ந்தது என்பதோடு அந்த வாக்கியம் முடிந்துவிடுகிறது.

அதே வாக்கியத்தில் ‘மறுநாளே’ என்றொரு சொல் இருக்கிறது. அதையும் நீங்கள் கவனிக்கவில்லை. ஏன் மறுநாளே? பக்கத்து வீட்டுப் பையன் வரட்டும், ஆசாரி வரட்டும் என்று அவர் நான்கு நாள் காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை. மகன் நெடுநாளைக்குப் பிறகு வீட்டைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறான், அதை உடனே செய்து கொடுக்க வேண்டும் என்று ஏறியிருக்கிறார். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்பது தெரிந்திருப்பதால், கேட்கிற பிள்ளைதான் கேட்பதற்கு முன் யோசிக்க வேண்டும். இதை நான் பழைய காலத்துக் கண்டிப்பாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் இதுதான் மகனுடைய கடமை என்று முழு மனத்தோடு நம்புகிறேன்.

மெய்நிகர் உலகங்களில் கட்டுவோரிடமிருந்து வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. எல்லாரும் ‘நீங்கள் செய்வது வீண்வேலை இல்லை’ என்ற ஒரு வரியை என்னிடமிருந்து எதிர்பார்க்கிறார்கள். மூன்று ஆண்டுகள் உழைத்து ஒரு வீட்டைத் தூண் தூணாக எழுப்பியவருக்கு அந்த வரி தேவையில்லை. நேராகக் கேள்விகளுக்கு வருகிறேன்.

முழு ரீஜன் என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது 65,536 சதுர மீட்டர். நம் கணக்கில் 16 ஏக்கருக்குச் சற்று அதிகம். நிறுவனத்திடம் நேரடியாக எடுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 200 டாலர் ஆகும். ரூபாயில் மாதம் 16,000-க்குக் குறையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம். ஒரே ஒரு ஓட்டு வீட்டுக்கு 16 ஏக்கர் எதற்கு? நீங்கள் இடம் போதவில்லை என்று நினைப்பதற்குக் காரணம் பரப்பாக இருக்காது, பொருள்களின் கணக்காக இருக்கும் என்று ஊகிக்கிறேன். சந்தா செலுத்துவோருக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கும் 1,024 சதுர மீட்டர் மனை, அதாவது நம் கால் ஏக்கர், நிறுவனமே நடத்தும் பெருநிலப் பகுதியில், பொருள்களின் சுமையைக் கணக்கிடும் அலகுகளில் 351-ஐத்தான் தாங்கும். ஒவ்வொரு ஓட்டையும் தனிப் பொருளாகச் செய்து வைத்திருந்தால் அந்தக் கணக்கு வடக்குத் தாழ்வாரத்தோடு தீர்ந்துவிடும். கூரை முழுவதையும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரே மெஷ்ஷாக, அதாவது ஒரே வலை உருவமாகச் செய்து, ஓட்டு வரிசைகளின் மேடு பள்ளத்தை அதன் மேல் போர்த்தும் படத்தில் காட்டிவிடுங்கள்; தூரத்திலிருந்து பார்ப்பவருக்கான எளிய வடிவங்களையும் நீங்களே செய்து ஏற்றுங்கள், மென்பொருளின் போக்கில் விட்டுவிடாதீர்கள். பெரும்பகுதி மிச்சமாகும். இப்போதுள்ள மனையே போதும்.

அந்த இரண்டு லட்ச ரூபாயை என்ன செய்யலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உரிமை பற்றிய கேள்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. நீங்கள் உருவாக்கியவற்றின் படைப்புரிமை உங்களுக்கே. 2003 ஜூனில் அந்த உலகம் திறக்கப்பட்டு சில மாதங்களிலேயே, நவம்பரில், அதை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டது. மெய்நிகர் உலகங்களில் அன்றைக்கு அது பெரிய விஷயம். ஆனால் ‘நிலம்’ உங்களுடையது அல்ல. அது அவர்களுடைய கணினிகளில் நீங்கள் வாடகைக்கு எடுக்கும் இடம். கட்டணம் நின்றால் நிலம் திரும்பப் போய்விடும், வீடு உங்கள் சரக்குப் பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்படும். பென்சில்வேனியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரின் கணக்கை, ஏலத்தில் முறைகேடாக நிலம் வாங்கினார் என்று கூறி அந்நிறுவனம் 2006-இல் முடக்கியது. அவர் நீதிமன்றம் போனார். நடுவரிடம் மட்டுமே முறையிட வேண்டும் என்ற நிறுவனத்தின் நிபந்தனை நியாயமற்றது என்று 2007-இல் நீதிபதி சொன்னார். பிறகு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. மெய்நிகர் நிலம் சொத்தா இல்லையா என்ற அடிப்படைக் கேள்விக்கு அந்த வழக்கில் தீர்ப்பே வரவில்லை. அதை நம்பிப் பெரும் பணம் போடுவது அறிவுடைமை அல்ல.

நீங்கள் விற்கும் பொருள் ஒவ்வொன்றிலும் நகலெடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா என்று மூன்று அனுமதிகளை நீங்கள்தான் குறிக்க வேண்டும். அவற்றைப் பார்க்காமல் விட்டுவிட்டுப் பிறகு புலம்புவோர் நிறையப் பேர். திருட்டை அந்த அனுமதிகள் முற்றிலும் தடுத்துவிடாது; 2006 நவம்பரில் காப்பிபாட் என்ற நகலெடுப்புக் கருவி பரவியபோது அங்கே பலர் கடைகளையே மூடிப் போராடினார்கள். உருவாக்கியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் தானாகவே பதிந்து, யார் வாங்கினாலும் கூடவே போகும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் இங்கே மறுபடி நான் அந்த ஏணிக்கு வர வேண்டியிருக்கிறது. போதிகையைச் செதுக்கியவர் பெயர் தெரியாத ஓர் ஆசாரி. அளந்தது உங்கள் அம்மா. உருவாக்கியவர் என்று பதிவாவது உங்கள் பெயர் மட்டும். சட்டத்தில் அதற்குக் குற்றமில்லை. மனத்தில் அந்த உறுத்தல் இருக்க வேண்டும். அந்தக் கூடத்துச் சுவரில் ஒரு பலகை வைத்து, அளவுகளை எடுத்துக் கொடுத்தவர் அம்மா என்று எழுதுங்கள். பல நாட்டவரும் படிக்கட்டும்.

விற்பனைப் பணம் வரும். அந்த உலகின் நாணயமான லிண்டன் டாலர்களை அவர்களுடைய சந்தையில் அமெரிக்க டாலராக மாற்றலாம்; பல ஆண்டுகளாக ஒரு டாலருக்கு 250 லிண்டன் டாலரை ஒட்டியே மதிப்பு இருந்து வந்திருக்கிறது. அடையாளச் சான்றுகளைக் கொடுத்து, கழிவுகள் போக எடுக்க வேண்டும். இந்தியாவில் வசிப்பவருக்கு அது வருமானமே என்பதால் தணிக்கையாளரிடம் காட்டிக் கணக்கில் சேருங்கள். ஒரு தூண் சில நூறு லிண்டன் டாலருக்குப் போனால் கையில் ஒன்றிரண்டு டாலர். இதை நம்பி வேலையை விடும் எண்ணம் இருந்தால் இன்றே கைவிடுங்கள்.

மூடப்பட்டால் என்ன ஆகும்? கூகுள் 2008 ஜூலையில் லைவ்லி என்ற மெய்நிகர் உலகைத் திறந்து, அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று மூடியது. மைக்ரோசாஃப்ட் தன் கையிலிருந்த ஆல்ட்ஸ்பேஸ் வி.ஆர். உலகை 2023 மார்ச்சில் மூடியது. அங்கே கூடியவர்களுக்கும் கட்டியவர்களுக்கும் வேறு இடம் தேடும்படி அறிவிப்புதான் வந்தது. செகண்ட் லைஃப் இருபது ஆண்டுகளைக் கடந்து நிற்பது அரிய செய்தி; நாளைக்கும் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனவே பிளெண்டர் மூலக்கோப்புகள், படங்கள், அளவுகள் அனைத்தையும் உங்கள் வன்தட்டில் ஒரு படியும் வேறிடத்தில் ஒரு படியும் வையுங்கள். அங்கேயே நேரடியாகச் செய்த பகுதிகளை, அவை முழுவதும் உங்கள் படைப்பாக இருக்கும்பட்சத்தில், ஃபயர்ஸ்டார்ம் போன்ற செயலி வழியாக வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

மெய்நிகர் வீட்டின் நாளையைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நீங்கள், ஊரில் உள்ள வீட்டின் சரிந்த ஓடுகளை ஒரு வேலைக் குறிப்பாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, ஓடு தானாகச் சரியாது. அடியில் ரீப்பரோ கைமரமோ உளுத்திருக்க வேண்டும். அந்த இடைவெளி வழியாக மழைநீர் சுவரில் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தாழ்வாரத்தை ஒட்டித்தான் உங்கள் அம்மா நடந்துகொண்டிருக்கிறார். நீங்களோ பழைய புகைப்படத்தைப் பார்த்து அந்த இடத்தைத் திரையில் புதிதாக்கிவிட்டு, பகுதி முடிந்தது என்று குறித்துக்கொண்டீர்கள்.

‘அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது’ என்ற கடைசி வரியை நான் ஏற்கவே மாட்டேன். போதிகை எது என்று தெரிந்து, எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்று தெரிந்து, அளந்ததைத் தாளில் எழுதி, அதையும் படமெடுத்து அனுப்பத் தெரிந்தவருக்கு எது புரியாது? நீங்கள் அவரிடம் அளவைக் கேட்டீர்கள். அது எதற்கு என்று காட்டினீர்களா? எந்தப் புகைப்படத்திலும் இல்லாத விவரங்கள் அவரிடம் இருக்கின்றன. நெற்குதிர் எந்த மூலையில் நின்றது, முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறியது, எந்தக் கதவைத் தாழிடத் தூக்கிப் பிடிக்க வேண்டும், எந்தத் தூண் இடையில் மாற்றப்பட்டது, வேலை செய்த ஆசாரி எந்த ஊர்க்காரர் என்பதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வரும். மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டைக் கட்டுகிறவர், அந்த வீட்டில் ஐம்பது ஆண்டுக்குக் குறையாமல் வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவரிடம் ஒரே ஓர் அளவை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார். மகனாக மட்டுமல்ல, கலைஞனாகவும் இதில் நீங்கள் தவறியிருக்கிறீர்கள்.

பெங்களூரில் மாலையில் ரயில் ஏறினால் மறுநாள் காலை மயிலாடுதுறையில் இறங்கலாம். இந்த மாதமே போங்கள். மடிக்கணினியை எடுத்துச் செல்லுங்கள். திண்ணையில் அம்மாவை உட்கார வைத்து, அவர் வீட்டுக்குள் அவரையே நடத்திக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அவர் திருத்தச் சொல்வதைத் திருத்துங்கள். மிச்ச அளவுகளை நீங்களே எடுங்கள். தரையில் நின்றபடி உயரத்தை அளக்கும் லேசர் கருவி இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பல கோணங்களில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை எழுப்பித் தரும் மென்பொருள்களும் உண்டு. இனி ஒரு செங்கல்லின் அளவுக்காகவும் அவரை ஏறச் சொல்லாதீர்கள். அந்த ஏணியைத் திரும்பும்போது பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முழு ரீஜனுக்கென்று நீங்கள் ஒதுக்கத் தயாராக இருந்த இரண்டு லட்சம் வடக்குத் தாழ்வாரத்துக்குப் போகட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் கைமரங்களைப் பார்த்து, உளுத்ததை மாற்றி, ஓடுகளை இறக்கி மறுபடி அடுக்க வேண்டும். போதாவிட்டால் அடுத்த ஆண்டுச் சேமிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலில் வீட்டிலிருந்து வேலை பார்க்க இடமுண்டு. மேலாளரிடம் பேசி, வேலை முடியும்வரை ஊரிலேயே இருங்கள். ஆசாரியிடம் கூலி பேசுவதையும், மரம் வந்து இறங்குவதைப் பார்ப்பதையும், வேலையாட்களுக்குக் காபி போடுவதையும் அம்மா தலையில் கட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.