மேட்ச் சமயத்துல எதிர் நாட்டுக்காரங்க சாப்பாட்ட, பழக்கத்த வச்சு கலாய்க்கிறது ஜாலிதானே, அதுல என்ன தப்பு இருக்கு?

தப்புதாங்க. நானே பண்ணிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

2010ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனில ட்ரெய்னியா இருந்தேன். இருங்காட்டுக்கோட்டைல ஹூண்டாய் வந்ததுலேர்ந்து அந்த ஏரியால கொரியாக்காரங்க நிறைய. எங்க லைனுக்கும் ஒரு கொரியன் சார் இருந்தார், அம்பது வயசு இருக்கும், மத்தவங்க மாதிரி தனியா போகாம கேன்டீன்ல எங்க கூடவே தட்ட தூக்கிட்டு வந்து உக்காருவார், ரசத்த டம்ளர்ல வாங்கி குடிச்சுட்டு இன்னொரு டம்ளர் கேப்பார்.

நான் மான்செஸ்டர் யுனைடெட்ங்கிற இங்கிலாந்து ஃபுட்பால் டீமோட வெறியன். அந்த மார்ச் மாசம் எங்க டீம்ல இருந்த கொரியாக்காரர் பார்க் ஜி சுங் ஆடின ஆட்டம் இருக்கே, இத்தாலி டீம் மிலன் கூட நடந்த சாம்பியன்ஸ் லீக் மேட்ச்ல அவங்க ப்ளேயர் பிர்லோவ நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டே திரிஞ்சு பந்தே தொடவிடாம பண்ணி தானும் ஒரு கோல் போட்டார், பதினோரு நாள் கழிச்சு மார்ச் 21ம் தேதி லிவர்பூல் கூட 1-1ன்னு இழுத்துட்டு இருந்தப்ப பாஞ்சு விழுந்து தலையால முட்டி ஜெயிக்கிற கோலயும் அவரே போட்டார். மறுநாள் கேன்டீன்ல சாரப் பாத்ததும் எனக்கு சந்தோஷம் தாங்கல, யூட்யூப்ல கேட்டு கத்துக்கிட்ட பார்க் பாட்ட சத்தமா பாடிக் காட்டினேன்.

அது யுனைடெட் ரசிகர்கள் பார்க் மேல இருந்த பாசத்துல கட்டின பாட்டு. ஆனா அதுல என்ன வரும்னா, உங்க ஊர்ல நாய் திம்பீங்க, பரவால்ல, இதவிட கேவலம் லிவர்பூல்காரன், அவன் கவர்மென்ட் குடியிருப்புல கெடந்து எலி திங்கிறான்னு வரும். நம்ம ஆள புகழ்றதுக்கு அவர் நாட்ட ஒரு மிதி, பரம எதிரி ஊர்ல இருக்குற ஏழைங்கள ஒரு மிதி. அப்ப எனக்கு இதெல்லாம் ஒறைக்கவே இல்ல. சார் முழுசா கேட்டுட்டு சிரிச்சார், பார்க் நல்ல ப்ளேயர்னு மட்டும் சொன்னார்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் விஷயம். பாட்டோட அர்த்தம் லைன் முழுக்க பரவிடுச்சு. ஒரு புதன்கிழமை கறி போட்டப்ப எங்க பையன் ஒருத்தன் அவர் தட்டப் பாத்து, சார் இது என்ன கறின்னு தெரியுமான்னு கேட்டான், மொத்த டேபிளும் சிரிச்சுது, நானும் சிரிச்சேன். சார் ஒண்ணும் சொல்லல. மறுநாள்லேர்ந்து வீட்டுலேர்ந்து டப்பா கொண்டாந்து மேல கேபின்ல கதவ சாத்திக்கிட்டு சாப்பிட ஆரம்பிச்சார். அடுத்த வருஷம் ஊருக்குப் போற வரைக்கும் கேன்டீனுக்கு வரவே இல்ல.

அவரும்தான் சிரிச்சாரே அப்புறம் என்னன்னு நீங்க கேக்கலாம், நானும் பல வருஷம் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். 2021 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல இன்னொரு டீமான உல்வ்ஸ் ஹ்வாங் ஹீ சான்ன எடுத்து, யுனைடெட் கூட மேட்ச் இருந்த அன்னைக்கு மைதானத்துல அறிமுகப்படுத்தினாங்க. அந்த பையனுக்கும் யுனைடெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, கொரியாக்காரன்ங்கிற ஒரே காரணத்துக்காக எங்க ஆளுங்க அவன் முன்னாடி அதே பாட்ட எடுத்துவிட்டாங்க. அப்பதான் பார்க் வாயத் தொறந்தார். யுனைடெட் கிளப்போட பாட்காஸ்ட்ல வந்து, வந்த புதுசுல நமக்குன்னு ஒரு பாட்டு இருக்கேன்னு பெருமையா இருந்துச்சு, அந்த நாய் வரி கஷ்டமா இருந்தாலும் புது ஊரு, இதெல்லாம் பொறுத்துக்கணும் போலன்னு விட்டுட்டேன், இப்ப தயவு செஞ்சு நிறுத்துங்கன்னு சொன்னார். 2005லேர்ந்து 2012 வரைக்கும் ஏழு வருஷம் அந்த டீமுக்காக ஓடின மனுஷன், இத சொல்றதுக்கு கிளப்ப விட்டுப் போயி ஒம்போது வருஷம் ஆகிருக்கு! என் கேன்டீன் சார் மட்டும் எப்படி உடனே சொல்லிருப்பார்?

நாய் சாப்பிடுறது உண்மைதானேன்னும் சிலர் சொல்வாங்க. கொரியால அந்தப் பழக்கம் இருந்துச்சு, இளசுங்க எப்பவோ விட்டுட்டாங்க, 2024 ஜனவரில அவங்க பார்லிமென்ட் அந்த வியாபாரத்தையே தடை பண்ணி சட்டம் போட்டுடுச்சு, 2027லேர்ந்து அமலுக்கு வருது. நம்ம நாட்டுலயே நாகாலாந்துல அந்தப் பழக்கம் உண்டு, 2020ல அரசாங்கம் தடை போட்டுச்சு, 2023ல கோர்ட் அந்த உத்தரவ ரத்து பண்ணுச்சு. நாய்க்கறி வேணுமா வேணாமான்னு உக்காந்து பேசுங்க, வேணாம்னு நெனைக்கிறவன்தான் நானும். ஆனா அந்த பாட்ட பாடினவங்க யாரும் நாய் மேல இருந்த அக்கறைல பாடல. லிவர்பூல்காரன 1990க்கு அப்புறம் முப்பது வருஷம் லீக் டைட்டிலே அடிக்கலன்னு நாங்க ஓட்டாத ஓட்டா, அதுக்கு அவனும் திருப்பிக் குடுப்பான், 2020ல அடிச்சுட்டு நல்லாவே குடுத்தான். எலி திங்கிறவன்னு சொன்னா அவன் என்னத்த திருப்பிக் குடுக்குறது?

எலின்னதும் இன்னொண்ணு. எனக்கு சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். அறுப்பு முடிஞ்சா வரப்புல வளை தோண்டி வயல் எலி பிடிப்பாங்க, நெல்லு தின்னு வளந்த எலி, அத சுட்டு கொழம்பு வைக்கிற குடும்பங்க எங்க ஊர்ல உண்டு. 2017ல டெல்லி ஜந்தர் மந்தர்ல நம்ம விவசாயிங்க வறட்சிக்காக எலிய வாயில கவ்விக்கிட்டு போராடினப்ப நான் பூனால வேலை பாத்துட்டு இருந்தேன், கூட இருந்த ஒருத்தன் போட்டோவ காட்டி, உங்க ஊர்ல இதான் சாப்பாடான்னு கேட்டு சிரிச்சான். என்னால ஒண்ணும் சொல்ல முடியல, நானும் சிரிச்சு வச்சேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது ஆறாம் கிளாஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த பையன். எலிக்கறின்னுதான் அவன எல்லாரும் கூப்பிடுவோம். அவன் டப்பால தெனமும் வெறும் தயிர் சோறுதான் இருக்கும், ஆனாலும் மூடிய பாதி சாத்தி, கைய உள்ள விட்டுதான் சாப்பிடுவான்.