மூன்றாவது அணிற்பிள்ளை

கேள்வி: எங்கள் தொடர்மாடி முற்றத்தில் நின்ற மாமரத்தின் கிளைகளைச் சென்ற மாதம் வெட்டினார்கள். கூடு சிதறி, கண் திறக்காத மூன்று அணிற்பிள்ளைகள் சீமெந்துத் தரையில் கிடந்தன. வீட்டுக்கு எடுத்துவந்து, பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்து சிரிஞ்சால் பருக்கினேன். அன்று இரவே ஒன்று இறந்தது, மறுநாள் இன்னொன்று. மூன்றாவதை ஒரு மிருக வைத்தியரிடம் சேர்த்தேன். என் கையால்தான் அவை செத்தனவா? இப்போது நானும் தோழிகள் ஆறு பேரும் சேர்ந்து, தெஹிவளையில் ஒரு தோழியின் பின்வளவில், இப்படி விழுந்து கிடக்கும் உயிர்களுக்கு ஒரு புகலிடம் தொடங்க நினைக்கிறோம். "மனிதருக்கே இடமில்லாத ஊரில் இது என்ன வேலை?" என்று அம்மா கோபிக்கிறார். நாங்கள் செய்ய நினைப்பது சரியா?

வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதல் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். பசும்பால் அந்தக் குட்டிகளுக்கு ஆகாது. அணிலின் பாலில் கொழுப்பும் புரதமும் மிகுதி. பசும்பாலில் அவை குறைவு, பாற்சர்க்கரை அதிகம். அதைக் குடித்தால் பிஞ்சு வயிறு ஊதி, வயிற்றோட்டம் பிடித்து, உடலில் இருக்கும் சொற்ப நீரும் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து குளிர். மயிர் முளைக்காத குட்டியால் தன் உடலைத் தானே சூடாக வைத்திருக்க முடியாது. குளிர்ந்து கிடக்கும் உடலுக்கு எந்தப் பாலும் செரிக்காது. முதலில் சூடு, பிறகு நீர், அதற்கும் பிறகுதான் பால். சிரிஞ்சைச் சற்று வேகமாக அழுத்தினாலும் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உயரத்திலிருந்து சீமெந்தில் விழுந்த அடியே அந்த இரண்டையும் கொண்டுபோயிருக்கவும் கூடும். பழியை முழுவதும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, எங்கள் வீட்டுக் கூரைப் பீலிக்குக் கீழே ஒரு குயில் குஞ்சு கிடந்தது. தாகத்தில் வாயைப் பிளக்கிறது என்று நினைத்து, கண்மருந்துக் குழாயால் வாய் நிறையத் தண்ணீர் விட்டேன். என் உள்ளங்கையிலேயே அது அடங்கிப்போனது. பறவையின் மூச்சுக்குழாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது, நாம் ஊற்றும் நீர் நேரே அதற்குள் இறங்கும் என்று பல வருடங்கள் கழித்து ஒரு மிருக வைத்தியர் எனக்கு விளக்கினார். அந்தக் குஞ்சு அனாதையும் அல்ல. குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும். அதை வளர்த்த காகம் பீலியின் மேலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. குஞ்சைக் கொத்த வருகிறது என்று எண்ணி நான் அதைக் கல்லால் எறிந்து விரட்டினேன். சுற்றி நின்ற பெரியவர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. இன்றைக்கும் அந்தக் காகத்தின் குரலை நினைத்தால் மனம் கனக்கிறது.

உங்கள் அணிற்பிள்ளைகளுக்கும் தாய் இருந்தது. கூடு கலைந்தால் தாய் அணில் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறொரு கூட்டுக்குப் போகும். அதற்கு நாம் வழி விடவேண்டும், அவ்வளவுதான். ஒரு சப்பாத்துப் பெட்டியில் பழைய துணியை விரித்து, வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி ஒரு பக்கம் வைத்து, குட்டிகளை அதில் இட்டு, அதே மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடலாம். பிறகு நாம் தூரப் போய், காகம் வராமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அணில் பகலில் நடமாடும் உயிர்; இருட்டும்வரை தாய் வராவிட்டாலோ, குட்டிக்குக் காயம் இருந்தாலோதான் அடுத்த ஆளைத் தேடவேண்டும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்ற பேச்சை நம்பிப் பலர் கூட்டுக்குத் திருப்பக்கூடிய குஞ்சுகளையும் வீட்டுக்குத் தூக்கிவந்துவிடுகிறார்கள்.

இனி, புகலிடம். வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் ஆசையைக் குறைவாக மதித்து இதைச் சொல்லவில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது, எவ்வளவு நல்ல மனதோடு வைத்திருந்தாலும், குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காட்டுயிரை வளர்த்துத் திரும்ப விடுவது தனியான ஒரு வித்தை. இரவும் பகலும் சில மணிக்கு ஒருமுறை பாலூட்டவேண்டும், ஆனால் கொஞ்சக்கூடாது, பேர் வைத்துக் கூப்பிடக்கூடாது, மடியில் தூங்கவிடக்கூடாது. மனிதரைக் கண்டு அஞ்சாத அணில், வெளியே விட்ட அன்றே பூனைக்கு இரையாகும். உடவளவையில் 1995 முதல் இயங்கும் யானைக்குட்டிகள் இல்லத்துக்குப் போயிருந்தால் கவனித்திருப்பீர்கள்: வந்தவர்கள் தூரத்தில் நின்றுதான் பார்க்கலாம், குட்டியைத் தொடவே முடியாது. அவை ஒருநாள் காட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியவை என்பதற்காகத்தான் அந்தக் கண்டிப்பு. கொழும்பை அடுத்த அத்திடியவிலும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் மிருக வைத்தியர்கள் காயப்பட்ட உயிர்களைப் பராமரிக்கிறார்கள். திணைக்களத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1992. உங்கள் ஆறு தோழிகளும் முதலில் மனப்பாடம் செய்யவேண்டியது அதுதான்.

பிறகு நீங்கள் ஏழு பேரும் என்ன செய்வது? நான் உண்மையில் சொல்லவந்தது இனித்தான். சிகிச்சை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பொழுதில் பெரும்பகுதி சிகிச்சையில் போவதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து இரவு எட்டு மணிக்கு ஒருவர் அழைக்கிறார், சன்னலில் மோதிய பறவை தரையில் கிடக்கிறது என்கிறார். "பெட்டியில் வையுங்கள், மூடியில் துளை போடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்" என்று தொலைபேசியில் சொல்ல ஒருவர் வேண்டும். காலி வீதி நெரிசலில் அந்தப் பெட்டியை முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு போக இன்னொருவர் வேண்டும். பழைய துவாய், பத்திரிகைத் தாள், பழம், மருந்துச் செலவு, கூடு கழுவுவது, யார் எதை எப்போது கொண்டுவந்தார் என்று பதிந்துவைப்பது என்று வேலை நீள்கிறது. இத்தனையையும் சிகிச்சை செய்பவரே செய்தால் சில வருடங்களில் களைத்து விலகிவிடுவார். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய 'வயர்ஸ்' என்ற அமைப்பு தொண்டர்களால்தான் நடக்கிறது. பயிற்சி முடிக்காத எவரையும் அங்கே மீட்பு வேலைக்கு அனுப்புவதில்லை. 'வனவிலங்குத் தகவல், மீட்பு, கல்விச் சேவை' என்ற அதன் முழுப்பெயரிலேயே மீட்போடு கல்வியும் சேர்ந்திருக்கிறது. ஏழு பேர் ஒழுங்காகச் சேர்ந்தால், ஒரு மிருக வைத்தியரின் வாரத்தில் எத்தனை மணித்தியாலங்களை மீட்டுக்கொடுக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்வி என்ற அந்தப் பாதியில்தான் உங்களால் மட்டுமே முடிந்த ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் வனசீவராசிகள் பற்றிய நல்ல தகவல் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் புழங்குகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் வசிக்கும் நம்மவருக்கு அது தமிழில் வந்து சேரவேண்டும். 2018 இல் உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாக, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் அங்கீகாரம் பெற்ற ஊர் இந்தக் கொழும்பு. நம்முடைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. அதன் குட்டியைப் புள்ளிகளைப் பார்த்துச் சிறுத்தைக்குட்டி என்று எண்ணித் தாயிடமிருந்து பிரித்து எடுத்துவந்துவிடுகிறார்கள். கூரைக்குள் ஓடும் மரநாயைப் பிடித்துத் தொலைவில் விட்டால், சீலிங்குக்கு மேலே குட்டிகள் பட்டினியில் செத்துவிடும்; அவை வளர்ந்து வெளியேறும்வரை பொறுத்து, பிறகு ஓட்டையை அடைக்கவேண்டும். சாரைப் பாம்பு எலியைத் தின்கிறது, அதற்கு விஷம் இல்லை என்று ஒரு காவலாளிக்குத் தமிழில் சொல்லிவைத்தால், ஒரு பாம்பாவது தடியடியிலிருந்து தப்பும்.

புரட்டாதிச் சனி விரதத்தில் காகத்துக்குச் சோறு வைத்து, அது வரும்வரை காத்து நிற்கிற சனங்கள் நாங்கள். அதே நாட்களில்தான் ஆறுமணிக் குருவி இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து, களைத்து, கொழும்பு வீடுகளுக்குள்ளும் கண்ணாடிச் சன்னல்களிலும் விழுகிறது. பச்சை முதுகும், வால் அடியில் சிவப்பும், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையுமாக இருக்கும் அந்தப் பறவையைக் கிளிக்கூட்டில் அடைத்து வேடிக்கை பார்க்கக்கூடாது. இருட்டான பெட்டியில் ஓரிரு மணித்தியாலம் அமைதியாக வைத்திருந்து, செடி அடர்ந்த இடத்தில் விட்டால் பெரும்பாலும் எழுந்து போய்விடும். காயம் தெரிந்தால் மட்டும் 1992. பாடசாலைக் காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி இதைச் சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் கண்டிப்போடு சொல்கிறேன். வௌவாலையும் குரங்கையும் மரநாயையும் வெறுங்கையால் தொடவேண்டாம். நீர்வெறுப்பு நோய் (ரேபீஸ்) இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது. அது வந்தபின் காப்பாற்ற வழியில்லை. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தடுப்பூசி போடாத எவரையும் பாலூட்டிகளைக் கையாள உங்கள் குழுவில் விடாதீர்கள்.

அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் கூண்டுகள் வந்து நிறையும் என்று அவர் பயப்படுகிறார். வீட்டுக்குள் ஒன்றும் வராது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் வெளியே போய் வருவேன் என்று சொல்லிப் பாருங்கள். அவரிடம் இருக்கும் பழைய துவாய்களையும் கேளுங்கள். அம்மாமார் பழைய துவாயை எறிவதில்லை.

முதல் வேலை உங்கள் தொடர்மாடியிலேயே காத்திருக்கிறது. முகாமைத்துவக் குழுவிடம் போய், இனிக் கிளை வெட்டுவதற்கு முதல் நாள் யாராவது ஒருவர் மரத்தை நிமிர்ந்து பார்த்துக் கூடு இருக்கிறதா என்று சொல்லவேண்டும், இருந்தால் சில வாரங்கள் பொறுக்கவேண்டும் என்று கேளுங்கள். காவலாளியின் அறையில் துளையிட்ட ஒரு சப்பாத்துப் பெட்டி, ஒரு துவாய், ஒரு போத்தல், சுவரில் 1992 என்று பெரிதாக எழுதிய தாள் ஆகியவற்றை வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்த மூன்றாவது அணிற்பிள்ளை கண் திறந்துவிட்டதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.